ஆட்டம் எங்கே இருந்தது: ஓர் எண்டுரோ வண்டி தகுதிச் சான்று வாங்கிய கதை

சோதனைத் தாளில் ஏழு வரிகள் இருந்தன. ஐந்து தோல்வி, இரண்டு எச்சரிக்கை. தோல்விகளில் முதல் வரி: "ஸ்டீயரிங் ஹெட்டில் ஆட்டம்." அந்த ஆட்டம் ஸ்டீயரிங் ஹெட்டில், அதாவது ஹேண்டில்பார் திரும்பும் கழுத்துப் பேரிங்கில், இல்லை. அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு நான்கு மாலைகள் ஆயின. நடுவே ஒரு நாள், நன்றாக இருந்த வண்டியை நாங்களே ஆபத்தான வண்டியாக்கி வைத்திருந்தோம். காட்டு வண்டியைச் சாலைச் சோதனைக்குக் கொண்டுபோகும் யாருக்கும் இது நேரலாம் என்பதால் முழுவதையும் எழுதி வைக்கிறேன்.

வண்டி 400 சிசி, ஒற்றைச் சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக். வயது பதினான்கு. என் நண்பர் ஒருவருடையது. என்னைவிட இளையவர், அண்ணா என்றுதான் கூப்பிடுவார். கடைசி ஆறு வருடம் அது சாலைப் பக்கமே போகவில்லை. வேனில் ஏற்றிக்கொண்டுபோய் மண்ணில் ஓட்டி, திரும்ப வேனில் ஏற்றிக் கொண்டுவருவார். இப்போது வேன் இல்லை. வண்டியே சாலையில் ஓடி மண்பாதைக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்குத் தகுதிச் சான்று வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடுகிறேன். மோட்டோகிராஸ் வண்டி வேறு, எண்டுரோ வண்டி வேறு. மோட்டோகிராஸ் வண்டி மூடிய மைதானத்துக்குள் ஓடுவதற்கென்றே பிறந்தது. விளக்கு கிடையாது, விளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் அளவு காயிலும் (கரண்ட் உண்டாக்கும் கம்பிச்சுருள்) பெரும்பாலும் இருக்காது. எண்டுரோ அப்படியில்லை. 1913-இல் இங்கிலாந்தின் கார்லைல் நகரில் தொடங்கிய சர்வதேச ஆறு நாள் பந்தயம் இன்றைக்கும் நடக்கிறது. அதில் ஒரு மண் பகுதிக்கும் அடுத்த மண் பகுதிக்கும் நடுவே வீரர்கள் பொதுச் சாலையில்தான் போக வேண்டும். அதனால் விளக்கும் ஹார்னும் நம்பர் பிளேட்டும் எண்டுரோ வண்டியின் பிறவி உறுப்புகள். நண்பரின் வண்டியும் பதிவு எண்ணோடு பிறந்த வண்டிதான். ஆறு வருடத்தில் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பெட்டியில் போட்டிருந்தார், அவ்வளவுதான். மோட்டோகிராஸ் வண்டியைச் சாலைக்குக் கொண்டுவருவது வேறு வேலை. முதலில் காகிதத்தில் ஜெயிக்க வேண்டும், ஸ்பேனருக்கு அப்புறம்தான் வேலை.

முதல் முறை போனபோது

பெட்டியில் இருந்ததையெல்லாம் எடுத்து மாட்டினோம். ஹெட்லைட், டெயில் லைட், நான்கு இண்டிகேட்டர், இரண்டு கண்ணாடி, ஹார்ன். இண்டிகேட்டர் எல்இடி. பழைய ஃபிளாஷரோடு சேர்த்ததும் படபடவென்று வேகமாக மின்னியது. பழைய ஃபிளாஷர், பல்பு இழுக்கும் கரண்டை நம்பி வேலை செய்வது. எல்இடி அதில் சிறு பங்குதான் இழுக்கும் என்பதால், பல்பு ஒன்று போய்விட்டது என்று அது நினைத்துக்கொள்ளும். எலெக்ட்ரானிக் ஃபிளாஷர் போட்டதும் சரியாயிற்று. நிமிடத்துக்கு 60 முதல் 120 முறைக்குள் மின்ன வேண்டும் என்பது பரவலான விதி. கடிகாரம் வைத்து எண்ணினேன், 84.

ஹேண்டில்பார் முனைகள் திறந்து கிடந்தன, அடைப்பான் போட்டோம். வண்டியைத் தேய்த்துக் கழுவினோம். எல்லாம் எரிந்தது, எல்லாம் ஒலித்தது. எனக்கும் நம்பிக்கைதான்.

நாங்கள் யோசித்ததெல்லாம் என்ன இல்லை என்பதை மட்டுமே. கண்ணாடி இல்லை, ஹார்ன் இல்லை என்ற பட்டியல் அது. சோதனை செய்பவர் பார்த்தது, இருப்பது எந்த நிலையில் இருக்கிறது என்பதை. தாளில் வந்த வரிகள் இவை: ஸ்டீயரிங் ஹெட்டில் ஆட்டம், முன் பிரேக் பிடித்தால் பிரேக் லைட் எரியவில்லை, பின் பிரேக் பிடித்தால் இண்டிகேட்டர் மங்குகிறது, பின் டயர் சாலைக்கானதல்ல, சைலென்சர் சத்தம் அதிகம். எச்சரிக்கை இரண்டு: பின் டிஸ்க் தேய்மான எல்லையை நெருங்குகிறது, இடது ஃபோர்க்கில் (முன் சக்கரத்தைத் தாங்கும் இரண்டு குழாய்களில் இடது பக்கத்தது) எண்ணெய்க் கசிவின் தொடக்கம்.

குறைகளை இப்படித் தரம் பிரிப்பது இப்போது பல நாடுகளில் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014/45 ஆணை சிறிது, பெரிது, ஆபத்தானது என்று மூன்றாகப் பிரிக்கிறது. 125 சிசிக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள்களை 2022 ஜனவரி 1 முதல் அந்தச் சோதனைக்குள் கொண்டுவந்ததும் அதே ஆணைதான். வேறு பாதுகாப்பு ஏற்பாடு செய்யும் நாடுகளுக்கு விலக்கும் கொடுத்திருக்கிறது. எந்த ஊர்த் தாளாக இருந்தாலும் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் இருப்பது அறிகுறி. டாக்டரிடம் போய் "தலைவலி" என்று சொல்வதைப் போன்றது. தலையில்தான் நோய் என்று அதற்கு அர்த்தமில்லை.

ஆட்டத்தைத் தேடியது

முதல் மாலை நான் செய்தது தவறு. தாளில் ஸ்டீயரிங் ஹெட் என்று இருந்தது. மேலே இருக்கும் பெரிய நட்டைத் தளர்த்தி, உள்ளே இருக்கும் வரிப்பள்ள நட்டைக் கால் சுற்று இறுக்கினேன். முன் சக்கரத்தைத் தூக்கி வைத்து ஆட்டிப் பார்த்தால் தட்டல் குறைந்த மாதிரி இருந்தது. சரி, முடிந்தது என்று நினைத்தோம்.

மறுநாள் நண்பர் வளாகத்துக்குள்ளேயே ஒரு சுற்றுப் போய்விட்டு உடனே திரும்பி வந்தார். "அண்ணா, நேரா போனா நேராவே போகுது. திருப்ப மனசே இல்லாத மாதிரி இருக்கு."

அவர் சொன்னது சரிதான். ஸ்டாண்டில் நிறுத்தி, ஒரு விரலால் ஹேண்டில்பாரை மெல்லத் தள்ளினேன். நல்ல வண்டியில் அது தன் எடையாலேயே ஒரு பக்கம் விழுந்துவிட வேண்டும். இங்கே நடுவில் நின்றது. இன்னும் கொஞ்சம் தள்ளினால் ஒரு சிறு படியில் இருந்து இறங்குவதுபோல் விடுபட்டு நகர்ந்தது. அளவுக்கு மீறி இறுக்கிய பேரிங் அப்படித்தான் செய்யும். ஓடும் இருசக்கர வண்டி நொடிக்கு நொடி தன்னைத் தானே சின்னச் சின்னதாகத் திருத்திக்கொண்டுதான் நேராகப் போகிறது. அந்தத் திருத்தத்தை இறுக்கம் தடுத்துவிட்டால் வண்டி பாம்பாக நெளியும். சிறு ஆட்டத்தைவிட இது மோசம். அன்றே நட்டைப் பழையபடி தளர்த்தினேன். தட்டல் பழையபடி திரும்பி வந்தது.

அதன் பிறகுதான் ஒழுங்காகத் தேட ஆரம்பித்தோம். எஞ்சினுக்குக் கீழே ஸ்டாண்டு கொடுத்து முன் சக்கரத்தைத் தரையில் இருந்து தூக்கினோம். நண்பர் முன்னால் உட்கார்ந்து ஃபோர்க்கின் அடிப்பகுதியை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினார். எங்கோ "டக்" என்றது. காதால் கேட்டு இடத்தைச் சொல்ல முடியாது. இரும்பும் அலுமினியமும் சத்தத்தை எல்லா இடத்துக்கும் கடத்திவிடும். விரல்தான் சொல்லும்.

கட்டைவிரலை ஃபோர்க்கின் கீழ் கிளாம்புக்கும் சேசிஸின் கழுத்துக்கும் நடுவே இருக்கும் இடுக்கில், இரண்டையும் தொடும்படி வைத்தேன். ஸ்டீயரிங் பேரிங்கில் ஆட்டம் இருந்தால் அந்த இடுக்கு விரலுக்குக் கீழே திறந்து மூடும். அசைவே இல்லை. "இன்னும் ஆட்டுங்க" என்றேன். டக் டக் என்று கேட்டது, விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. விரலைக் கீழே இறக்கி, ஃபோர்க்கின் பளபளப்பான குழாய் வெளிக் குழாய்க்குள் நுழையும் சீல் ஓரத்தில் வைத்தேன். அங்கே ஓர் அசைவு. மயிரிழை என்பார்களே, அவ்வளவு. ஆனால் ஒவ்வொரு ஆட்டலுக்கும் தவறாமல் வந்தது. அடுத்து நண்பரைச் சக்கரத்தையே பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டச் சொல்லி, ஆக்சில் பக்கம் விரலை வைத்தேன். அங்கே அதைவிடத் தெளிவாக இன்னொரு தட்டல்.

இரண்டு இடத்தில் ஆட்டம், மூன்றாவது இடத்தின் மேல் பழி. சோதனை செய்தவரைக் குறை சொல்ல மாட்டேன். சக்கரத்தைப் பிடித்து ஆட்டும்போது மூன்று இடத்தின் ஆட்டமும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே தட்டலாகத்தான் கைக்கு வரும். தட்டல் இருக்கிறது என்று சொல்வது அவர் வேலை, அதைச் சரியாகவே சொல்லியிருந்தார்.

சக்கரத்தைக் கழற்றினோம். இடது பேரிங்கின் உள் வளையத்தில் சுண்டு விரலை விட்டுச் சுழற்றினால் மணலைக் கடிப்பதுபோல் இருந்தது. அதன் ரப்பர் மூடியைச் சிறு ஊசியால் நெம்பித் திறந்தேன். கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் பால் கலந்த காபி நிறத்தில் ஒரு குழம்பு. தண்ணீர் புகுந்து கிரீஸோடு கலந்ததன் அடையாளம் அது. இத்தனைக்கும் இரண்டு பக்கமும் ரப்பர் சீல் உள்ள 2ஆர்எஸ் வகைப் பேரிங்தான். ஆறு வருடமாக ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு அழுத்தத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவியிருக்கிறார். அந்த ரப்பர் உதடு தூசியையும் தெறிக்கும் நீரையும் தடுக்கும். ஒரு சாண் தூரத்தில் இருந்து நேராகப் பீய்ச்சும் தாரையைத் தடுக்க அது செய்யப்படவே இல்லை. சோதனைக்கு முன் நாங்கள் தேய்த்துக் கழுவியதும் அதே தாரையில்தான் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

இரண்டு பேரிங்கும் சீலும் புதிதாகப் போட்டோம். ஹப்பை வெந்நீர்த் துணியால் சூடாக்கி, பேரிங்கின் வெளி வளையத்தின் மேல் மட்டும் அடி விழும்படி பழைய பேரிங்கையே வைத்துத் தட்டி இறக்கினோம். உள் வளையத்தில் அடித்தால் அந்த அடி குண்டுகள் வழியாகத்தான் போகும், புதுப் பேரிங் அன்றைக்கே பாழ்.

ஃபோர்க் அடுத்த மாலை. எண்ணெயை வடித்தபோது சாம்பல் நிறத்தில், மினுமினுப்போடு வந்தது. குழாய்களுக்கு நடுவே வழுக்கும் வளையங்களான புஷ் இரண்டும் மேற்பூச்சு போய், அடியில் இருக்கும் செப்பு நிறம் தெரியும் நிலையில் இருந்தன. அந்தப் பூச்சும் அதன் அடிப்பகுதியும்தான் எண்ணெயில் மினுமினுத்தவை. புஷ் தேய்ந்தால் குழாய் சற்றே சாயும், சாய்ந்தால் சீல் ஒரு பக்கமாக உரசும், உரசினால் கசியும். தாளின் கடைசி வரியில் இருந்த எண்ணெய்க் கசிவு எச்சரிக்கைக்கும் காரணம் இதுதான். முதல் வரியும் கடைசி வரியும் ஒரே நோய் என்று தெரிந்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. சீலை மட்டும் மாற்றியிருந்தால் சில மாதத்தில் மறுபடி கசிந்திருக்கும்.

கசிவு என்றதும் எல்லோரும் ஃபோர்க்கைப் பிரிக்க வேண்டியதில்லை. மண்ணில் ஓடும் வண்டியில் பாதிக் கசிவு சீல் உதட்டில் சிக்கிய ஒரு மணல் துகளால் வருவது. தூசி மூடியைக் கீழிறக்கி, பழைய கேமரா ஃபிலிம் மாதிரி மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் சீலுக்குள் செருகி ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தால் துகள் வந்துவிடும். குழாயைத் துடைத்துவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். நின்றுவிட்டால் நல்லது. எண்ணெய் வழிந்து பிரேக் டிஸ்க்கில் பட்டால் அது வேறு விவகாரம், அன்றைக்கே வண்டியை நிறுத்த வேண்டும்.

பிரித்ததோடு பிரித்ததாக ஸ்டீயரிங் பேரிங்கையும் வெளியே எடுத்துப் பார்த்தோம். கூம்பு உருளை வகை. மேல் பேரிங் நன்றாக இருந்தது. கீழ் பேரிங்கின் கிண்ணத்தில் லேசாகத் துரு, ஆனால் விரல் நகத்தால் வருடினால் சிக்கும் பள்ளம் இல்லை. கழுவி, கிரீஸ் நிறைத்து, அதையே போட்டோம். இறுக்கும் முறை மேனுவலில் இருந்தது: ஒரு முறை நன்றாக இறுக்கி, ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுவதும் சில தடவை திருப்பி, நட்டைத் தளர்த்தி, அப்புறம் சொன்ன அளவுக்கு மட்டும் மெல்ல இறுக்குவது. முடித்துவிட்டு ஒரு விரலால் தொட்டேன். தானாக ஒரு பக்கம் சாய்ந்து விழுந்தது.

ஒரு பூச்சால் வந்த இரண்டு தொல்லை

பின் பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மங்குகிறது என்றால் கேள்வியே வேண்டாம், எர்த் பிரச்சினை. பிரேக் லைட்டில் ஓடிய கரண்ட் பேட்டரிக்குத் திரும்ப நல்ல வழி கிடைக்காதபோது பக்கத்து விளக்கின் வழியாகத் திரும்பப் பார்க்கும். ஒன்றை எரித்தால் இன்னொன்று தள்ளாடும்.

மல்டிமீட்டரின் ஒரு முள்ளைப் பேட்டரியின் நெகட்டிவ்வில் வைத்தேன், மற்றதை டெயில் லைட்டின் எர்த் வயரில். பிரேக்கை மிதித்ததும் 2.6 வோல்ட் காட்டியது. எர்த் நன்றாக இருந்தால் இது பூஜ்யத்தை ஒட்டி, அதிகம் போனால் 0.1 அல்லது 0.2 இருக்க வேண்டும். வயரின் தொடர்ச்சியை மட்டும் பீப் சத்தத்தில் பார்த்திருந்தால் "நல்லாத்தான் இருக்கு" என்று மீட்டர் சொல்லியிருக்கும். கரண்ட் ஓடும்போது அளந்தால்தான் உண்மை வரும்.

எர்த் வயரின் வளைய முனை பின் மட்கார்டுக்கு அடியில், பின் சேசிஸின் ஒரு போல்ட்டில் மாட்டியிருந்தது. நண்பர் மூன்று வருடத்துக்கு முன்பு சேசிஸ் முழுவதையும் பவுடர் கோட்டிங் செய்திருந்தார். அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பூச்சு பிளாஸ்டிக், கரண்டைக் கடத்தாது. கரண்ட் போல்ட்டின் மரை வழியாக ஏதோ கொஞ்சம் போய்க்கொண்டிருந்தது. போல்ட்டைச் சுற்றி ஒரு சிறு வட்டம் சுரண்டி வைத்தாலே போதும் என்றாலும், அங்கே துரு பிடிக்கும் என்பதால் டெயில் லைட்டில் இருந்து பேட்டரி நெகட்டிவ் வரைக்கும் தனி வயரே இழுத்துவிட்டேன். இப்போது அளந்தால் 0.05.

அதே பூச்சு இன்னொன்றும் செய்திருந்தது. சேசிஸ் நம்பர் ஸ்டீயரிங் கழுத்தில் பதித்திருக்கும். சோதனை அன்று அதைப் படிக்கவே சோதனை செய்தவர் டார்ச்சைச் சாய்த்துச் சாய்த்து ஐந்து நிமிடம் பார்த்தார். எழுத்துகளின் பள்ளத்தைப் பூச்சு நிரப்பியிருந்தது. மேலே கேபிள்கள் உரசி, நடுவே மண் சேர்ந்து உப்புத்தாள் மாதிரித் தேய்த்திருந்தது. அன்று எப்படியோ படித்துவிட்டார். நம்பர் படிக்க முடியாத வண்டியைச் சோதிக்கவே முடியாது என்று திருப்பி அனுப்ப அவருக்கு உரிமை உண்டு. மென்மையான பூச்சு நீக்கியால் அந்த இடத்தை மட்டும் துடைத்து, பற்தூரிகையால் பள்ளத்தைச் சுத்தம் செய்து, மேலே நிறமற்ற வார்னிஷ் ஒரு பூச்சு. கேபிள்களை அங்கிருந்து நகர்த்திக் கட்டினோம். அந்த நம்பர் மேல் கோப்போ உளியோ படவே கூடாது. சுத்தம் செய்கிறேன் என்று ஆரம்பித்து ஒரு எழுத்தைச் சிதைத்துவிட்டால் அது திருட்டு வண்டியின் அடையாளமாகப் பார்க்கப்படும்.

முன் பிரேக் லைட் எரியாததற்கு வேறு காரணம். கீழே விழுந்தால் உடையாமல் மடங்கும் லீவரை நண்பர் போட்டிருந்தார். பழைய லீவரில் ஸ்விட்சை அமுக்கும் சிறு மூக்கு இருந்தது, இதில் அது இல்லை. மாஸ்டர் சிலிண்டரில் ஹோஸைப் பிடிக்கும் போல்ட்டுக்குப் பதில், எண்ணெய் அழுத்தத்தால் வேலை செய்யும் ஸ்விட்ச் உள்ள போல்ட்டைப் போட்டோம். வாஷர் இரண்டும் புதிது. பழைய வாஷரை மறுபடி போடாதீர்கள். பிறகு பிரேக் எண்ணெயில் புகுந்த காற்றை வெளியேற்றி ஏர் எடுத்தோம்.

டயர்

பின் டயரின் பக்கச் சுவரில் "நாட் ஃபார் ஹைவே சர்வீஸ்" (சாலைப் பயனுக்கல்ல) என்று அச்சிலேயே வார்த்திருந்தது. சில டயரில் என்எச்எஸ் என்று மூன்றெழுத்தாக இருக்கும். டயரின் ரப்பர்க் கட்டைகள் புத்தம் புதிதாக, பெருவிரல் உயரத்தில் நின்றாலும் பயனில்லை. அது மோட்டோகிராஸ் டயர்.

கட்டை டயர் என்றாலே சாலைக்கு ஆகாது என்று பலர் நினைக்கிறார்கள், அப்படியில்லை. எண்டுரோ பந்தயத்துக்கான சர்வதேச விதியே பின் டயரின் கட்டை 13 மி.மீ.க்கு மேல் உயரக்கூடாது என்கிறது. அந்த வரம்புக்குள், சாலை ஒப்புதல் முத்திரையோடு நல்ல கட்டை டயர்கள் கிடைக்கின்றன. பக்கச் சுவரில் வட்டத்துக்குள் ஈ எழுத்தும் ஒரு எண்ணும் இருக்கிறதா, அல்லது அமெரிக்க முத்திரையான டிஓடி இருக்கிறதா என்று உங்கள் நாட்டு விதிக்கு ஏற்பப் பாருங்கள். அளவுக்குப் பக்கத்தில் "62எம்" மாதிரி ஒன்று இருக்கும். 62 என்றால் 265 கிலோ தாங்கும், எம் என்றால் மணிக்கு 130 கி.மீ. வரை. வண்டியின் உச்ச வேகம் அதற்கு மேல் இருந்தால், மண்ணுக்கும் பனிக்குமான எம்+எஸ் டயருக்கு மட்டும் ஐரோப்பாவில் சில இடங்களில் சலுகை உண்டு, ஓட்டுபவர் கண்ணில் படும்படி வேக வரம்பை ஒட்டி வைக்க வேண்டும். குறைந்தபட்ச ஆழமும் ஊருக்கு ஊர் மாறும்: பிரிட்டனில் 1 மி.மீ., ஜெர்மனியில் 1.6 மி.மீ. காட்டு வண்டிக்கு ஆழம் பெரும்பாலும் சிக்கல் இல்லை. கட்டையின் அடியில் விரிசலும் ஓரத்தில் பிய்தலும்தான் சிக்கல். கட்டைகளை மடக்கி, வேரைப் பாருங்கள்.

டயர் கழற்றிய சமயத்தில் ஸ்போக்குகளை ஒவ்வொன்றாகச் சிறு ஸ்பேனரால் தட்டிக் கேட்டோம். இறுகியது "ணிங்" என்னும், தளர்ந்தது "டொக்" என்னும். மூன்று டொக். ரிம்மின் கோணல் 2 மி.மீ.க்குள் கொண்டுவந்தோம், அதுதான் பெரும்பாலான மேனுவல்கள் தரும் எல்லை.

சத்தம்

எனக்கு மனதுக்குப் பிடித்த பகுதி இது. மண்பாதைகள் மூடப்படுவதற்கு முதல் காரணமாக மக்கள் சொல்வது சத்தம்தான். ஒருவன் வெறும் குழாயோடு ஓட்டினால் நூறு பேருக்குப் பாதை போகிறது. சோதனைக்காக மட்டும் இதைச் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நின்ற நிலையில் அளக்கும் முறை பல நாடுகளில் ஒன்றுதான். மைக் புகைக்குழாயின் வாயில் இருந்து 50 செ.மீ. தூரத்தில், வாயின் உயரத்தில், குழாயின் அச்சுக்கு 45 பாகை சாய்வில் இருக்க வேண்டும். உச்ச சக்தி தரும் எஞ்சின் வேகம் நிமிடத்துக்கு 5,000 சுற்றுக்கு மேல் இருந்தால் அதில் பாதி வேகத்தில் அளப்பார்கள். இந்த வண்டிக்கு உச்ச சக்தி 8,500-இல், எனவே 4,250. சேசிஸில் ஒட்டிய தகட்டில் 89 டெசிபல் என்று இருந்தது. சோதனையில் வந்தது 97. எட்டு டெசிபல் என்றால் கேட்கச் சின்னதாகத் தெரியும், ஆனால் ஒலி ஆற்றலில் அது ஆறு மடங்குக்கும் மேல்.

சைலென்சரின் பின் மூடியின் ரிவெட்டுகளைத் துளையிட்டு எடுத்தோம். உள்ளே துளைக் குழாயைச் சுற்றிக் கண்ணாடி நார் தடிமனாகச் சுற்றியிருக்க வேண்டும். இருந்தது ஒரு கைப்பிடி அளவு நார். கறுத்து, எண்ணெய் குடித்து, ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடந்தது. மீதி எரிந்து, தூளாகி, ஓட்டத்தில் வெளியே போய்விட்டது. நார் தேய்மானப் பொருள் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. பிரேக் பேட் மாதிரிதான் அதுவும்.

கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு புது நாரைச் சுற்றினோம். தளர்வாக விட்டால் சீக்கிரம் எரிந்து பறந்துவிடும், திணித்தால் ஒலி உள்ளே புகாமல் திரும்பிவிடும். உறைக்குள் கொஞ்சம் தள்ளி நுழைக்கும் அளவு சரி. வாயில் போடும் ஒலித் தடுப்புக் குழாயை நண்பர் என்றோ கழற்றிப் பெட்டியில் போட்டிருந்தார். அதையும் போட்டு போல்ட் இறுக்கினோம். எஞ்சினும் புகைக்குழாயும் சேரும் இடத்தில் கரிக்கோடு தெரிந்தது, கசிவு. கேஸ்கெட் மாற்றினோம்.

வீட்டில் போனை வைத்து அளப்பவர்கள் ஒரு குச்சியை 50 செ.மீ.க்கு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். தூரம் பாதியானால் ஏறத்தாழ 6 டெசிபல் கூடும். கை கொஞ்சம் முன்னே போனாலே எண் மாறிவிடும். போன் காட்டும் எண் சரியான அளவு என்று நம்ப முடியாது, முன்பு எவ்வளவு, பின்பு எவ்வளவு என்று ஒப்பிட மட்டும் போதும். எங்களுக்கு 9 குறைந்தது.

இரண்டாம் முறை

போவதற்கு முந்தின நாள் ஹெட்லைட்டைச் சரிபார்த்தோம். முதல் முறை அது தேறியிருந்தது. ஆனால் ஃபோர்க்கைப் பிரித்துக் கிளாம்பில் மறுபடி மாட்டியபின் பழைய உயரம் இருக்கும் என்று நம்பக் கூடாது. சுவரில் இருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்தினால் டிம் ஒளியின் மேல் விளிம்பு விளக்கின் உயரத்தைவிடச் சுமார் 10 செ.மீ. கீழே விழ வேண்டும். காட்டு வண்டியில் இதை ஆள் ஏறி உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். 300 மி.மீ. பயணமுள்ள சஸ்பென்ஷன் ஆள் எடைக்கே அதில் மூன்றில் ஒரு பங்கு இறங்கும், பின்பக்கம் அதிகம் இறங்கினால் மூக்கு மேலே தூக்கும். காலியாக நிற்கும்போது சரியாக இருந்த ஒளி, ஆள் ஏறியதும் எதிரே வருபவரின் கண்ணில் போய் விழும்.

அதே மனிதர்தான் சோதித்தார். சக்கரத்தைத் தூக்கி ஆட்டினார். ஒன்றும் கேட்கவில்லை. ஹேண்டில்பாரைத் தொட்டுச் சாயவிட்டார். "பேரிங் மாத்தினீங்களா?" என்று கேட்டார். "ஸ்டீயரிங் பேரிங் பழசுதான் சார், வீல் பேரிங்கும் ஃபோர்க் புஷ்ஷும் மாத்தினோம்" என்று நண்பர் சொன்னார். அவர் மறுபடி குனிந்து, கட்டைவிரலைக் கீழ் கிளாம்ப் இடுக்கில் வைத்து இன்னொரு முறை ஆட்டிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். சத்தம் 88 வந்தது. சேசிஸ் நம்பரை நின்றபடியே படித்தார்.

தேறிவிட்டது. தாளில் ஒரே ஒரு வரி மிச்சம், பின் டிஸ்க். அதன் குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பதித்திருக்கிறது, 3.5 மி.மீ. வெர்னியரால் அளந்தால் தேயாத விளிம்பில் தாடை உட்கார்ந்து பொய் சொல்லும் என்பதால் மைக்ரோமீட்டரால் நடுத்தடத்தில் அளந்தோம், 3.72. மண்ணில் பின் பிரேக்தான் அதிகம் வேலை செய்கிறது, சேறு அரைக்கும் தூளாக அதைத் தேய்க்கிறது. நண்பர் மாதம் ஒரு முறை அளந்து சோதனைத் தாளின் பின்பக்கத்தில் எழுதி வருகிறார். நேற்று எழுதியது 3.66. புது டிஸ்க் வாங்கி அலமாரியில் வைத்தாகிவிட்டது.